விளக்கெரிந்த வீடு

பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரத்தினசாமி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். ஏழு மாதம் கழித்து இன்றுதான் கொல்லங்கோட்டுக்கு வருகிறார். கையில் ஒரு பை, பைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்.

பதினெட்டு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீடு. மனைவி ராசம்மாளின் ஆபரேஷனுக்கென்று கோயம்புத்தூர் போனவர்கள், அப்படியே பொள்ளாச்சியில் மகள் வீட்டில் தங்கும்படி ஆகிவிட்டது. அதற்குள் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் வீட்டைத் தன் மகன் பூபதிராஜா பேருக்கு எழுதிக் கொடுத்தார். எழுதிய மை காயவில்லை, மகன் நோட்டீஸ் விட்டான். ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் ஆள் குடியில்லையாம்.

கோர்ட் உத்தரவில்லாமல் யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது என்று பாலக்காட்டு வக்கீல் மத்தியானம் தைரியம் சொன்னார். ஆனால் ஆறு மாதம் சும்மா பூட்டிக் கிடந்தால் சட்டம் வீட்டுக்காரன் பக்கம் சாயும். வைத்தியத்தைக் காரணம் காட்டலாம், கேஸ் இழுக்கும். வீடு புழக்கத்தில் இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்றார். சாட்சிக்கு எங்கே போவது?

நம் வீட்டுக்குப் போனால் நான் எழுந்து நடமாடிவிடுவேன் என்று ராசம்மாள் தினமும் சொல்கிறாள். அந்த வீடே போய்விட்டது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? பஸ்ஸில் வரும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது பார்த்தால் உள்ளே விளக்கு. வேறு ஆளைக் குடிவைத்துவிட்டார்கள்.

பொங்கியண்ணன் வேலைதான் இது. எப்போது கிளம்புகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று அன்றைக்கு நாலு தடவை விசாரித்த மனிதர். அப்போதே சந்தேகம் தட்டி ரத்தினசாமி புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ராசம்மாள் சிரித்தாள். சிரித்தவள், கிளம்புகிற அவசரத்தில் தன் சாவியைத் தொலைத்தும்விட்டாள். நோயாளி என்றும் பாராமல் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே போனார்.

கதவருகே போய்ப் பார்த்தார். பூட்டு உடையவில்லை, திறந்து தொங்கியது. கள்ளச்சாவி.

செல்போனில் கேமராவைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பூனைபோல உள்ளே நுழைந்தார்.

புதுச் சட்டிபானை எதுவும் இல்லை. அவர்கள் கட்டில், அவர்கள் பாய், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. தரைகூடப் பெருக்கியிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் ராசம்மாளின் குத்துவிளக்கு எரிய, பொங்கியண்ணன் கால்நீட்டி உட்கார்ந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

கேமராவைப் பார்த்தும் கிழவர் பதறவில்லை.

"ஆறு மாசம் ஆகட்டும், ஆகட்டும்னு எம்பட பையன் நாளெண்ணீட்டே இருந்தானுங்க. அந்தியானா வெளக்கு எரிஞ்ச ஊட்டைக் காலி ஊடுன்னு யாருங்க சொல்லுவாங்க? கோர்ட்டுல கேட்டா நானே வந்து சொல்றனுங்க."

பெற்ற மகனுக்கு எதிராகவா? நம்பலாமா என்று அந்த நேரத்திலும் ரத்தினசாமியின் புத்தி கணக்குப் போட்டது. பூட்டைத் திறந்தது எப்படி என்று கேட்டார்.

பொங்கியண்ணன் மடியிலிருந்து சாவியை எடுத்துத் தரையில் வைத்தார்.

அதன் தலையில் மாம்பழ மஞ்சளில் ஒரு சேலைக் கிழிசல் முடிந்திருந்தது. கோயம்புத்தூருக்குக் கிளம்பிய அன்று ராசம்மாள் கட்டியிருந்த சேலை.

செக்போஸ்ட் வரைக்கும் அத்தனை திட்டு வாங்கியும் அவள் வாயைத் திறக்கவே இல்லை.