வலிப்பு வேஷம்

தடால்!

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் கதிரவன் விழுந்தான். நாளை மாலை கடலூர் சில்வர் பீச்சில் வலிப்பு நோய் விழிப்புணர்வு நாடகம்; இன்று ஒத்திகை. நோயாளி வேஷம் அவனுக்கு.

கூட நடிக்கும் செம்பியன் ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தான். கதிரவன் அதை வீசி எறிந்தான்.

"டேய், நினைவில்லாம கெடக்கறவன் சாவியத் தூக்கிப் போடுவானா?" இயக்குநர் தட்சிணாமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

"சாவி குடுத்தா வலிப்பு நிக்காது சார். கடுப்பாவுது."

"அதச் சொல்லத்தானடா நாடகமே போடறோம்! செம்பியா, நீ விழு. இவன் சாவி குடுக்கட்டும்."

கதிரவன் முகம் சுருங்கிப்போனது. இந்த வேஷத்துக்காக ஒரு மாதமாக அவர் பின்னாலேயே அலைந்தவன் அவன்.

"இன்னொரு வாட்டி பண்றேன் சார். வேஷத்த மட்டும் மாத்திடாதீங்க."

மறுபடியும் விழுந்தான். கை கால்களை உதறினான்.

"உனக்கு வந்திருக்கறது வலிப்பா, கொசுக்கடியா? வலிப்பு எப்படி வரும்னு ஒரு தடவையாச்சும் நேர்ல பாத்திருக்கியாடா?"

கதிரவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"எங்க சார் பாக்க முடியுது? எனக்கு வரும்போதெல்லாம் சுத்தி நிக்கறவங்கதான் பாக்கறாங்க!"