பத்துக்குப் பத்து

பூரணம் வேலிக்கு மேலே சிலேட்டைத் தூக்கிப் பிடித்தாள். மூன்று நாள் பழக்கம்.

ஒழுங்கையின் மறுகரையில், நாலைந்து எட்டு வைக்கும் தூரத்தில், சீவரத்தினம் சட்டம்பியார் குடையும் கொப்பியுமாக நின்றார். பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளையின் விரல் கணுவைப் பிரம்பால் பதம் பார்க்கிற மனிதர். இப்போது கொஞ்ச நாளாக எந்த வீட்டு வேலிக்கும் கிட்டப் போவதில்லை. தண்ணீர் கொடுத்தாலும் வாங்குவதில்லை. சட்டம்பியாருக்கு உயிரில் நல்ல ஆசை என்று பெண்கள் பகிடி பண்ணினார்கள்.

பங்குனியில் ஊருக்குள் அம்மை பரவி, பள்ளிக்கூடத்தைப் பூட்டி ஒரு மாதம் ஆகிவிட்டது. பூட்டினாலும் படிப்பு நிற்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஊர் ஒழுங்கைகளைப் பள்ளிக்கூடத்தின் இரண்டு சட்டம்பிமாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். காலையில் வந்து தெருவில் நின்றே பத்துக் கணக்குச் சொல்லுவார்கள். அடுத்த நாள் பெற்றவர்கள் சிலேட்டை வேலிக்கு மேலே காட்ட வேண்டும். சிலேட்டில் பிள்ளையின் எழுத்து இருந்தால் கொப்பியில் ‘சுகம்’ என்று விழும். சிலேட்டு எழும்பாத வீட்டின் பெயர் அன்று பின்னேரமே சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போகும்.

இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கலாம். தாய்மாரைத் தெரியாது.

பெயர் போன வீட்டுக்கு வண்டி வரும். பிள்ளையை, அம்மை கண்டவர்களுக்கென்று கட்டிய கடற்கரைக் கொட்டிலுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். கூடப் போகத் தாய்க்கு அனுமதி இல்லை. கந்தப்புவின் மகளைச் சனிக்கிழமை ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை புதைத்தார்கள். தாய்க்குப் புதன்கிழமைதான் சொன்னார்கள்.

பூரணத்துக்கு ஒரே பிள்ளை. தகப்பன் மலாயாவில் றெயில்வேக் கிளாக்கர். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. மூன்று நாளாக உள்ளறையில் வாழையிலையில் கிடந்தான் பஞ்சலிங்கம். எட்டு வயது. ஊசி குத்த இடமில்லாமல் அம்மாள் அவன் முகத்தில் விளையாடியிருந்தாள். அம்மைப்பால் குத்துகிறவர் ஊருக்கு வந்த அன்று, பிள்ளை அழுவானே என்று அவனைப் பனங்காணிக்குள் ஒளித்து வைத்தவள் பூரணம்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அதனால் இந்த முறை அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. வேப்பிலையை வாசற் படலையில் கட்டாமல் பிள்ளையின் தலைமாட்டில் வைத்தாள். சிலேட்டில் இடது கையால் எழுதினாள். எழுத்து மகனுடையதைப் போலவே கோணிக்கொண்டு வந்தது.

தாளிதம்தான் பெரிய பாடாகிவிட்டது. அம்மாள் வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. தாளித வாசம் வராத அடுக்களையையோ ஊர் மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே சட்டம்பியார் வரும் நேரம் பார்த்துக் கடுகையும் செத்தல் மிளகாயையும் கொதிக்கிற எண்ணெயில் போட்டாள். இந்தப் பாவத்தை என் தலையில் வை தாயே, பிள்ளையின் தலையில் வைக்காதே என்று அடுப்புக்கு முன்னால் அழுதாள். மிளகாய் நெடி ஏறி உள்ளே பிள்ளை இருமியது. கரண்டியைப் போட்டுவிட்டு அவன் வாயைப் பொத்த ஓடினாள்.

இன்றும் தாளித்துவிட்டுத்தான் வேலிக்கு வந்திருந்தாள்.

“பெடியன் எங்கை?”

“உள்ளுக்குச் சாப்பிடுறான், சட்டம்பியார்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிலேட்டைப் பார்த்தார். ஏழாம் வாய்ப்பாட்டுக் கணக்குகள். ஒவ்வொன்றாக வாசித்தார். மற்ற வீடுகளில் இவ்வளவு நேரம் எடுக்கிறவர் இல்லை. தூக்கிப் பிடித்த கை உளையத் தொடங்கியது.

“பத்துக்குப் பத்து,” என்றார். “நேற்றும் பத்து. முந்தநாளும் பத்து.”

பூரணத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. அதற்குப் பிறகுதான் மகனுடைய கணக்கு ஞாபகம் வந்தது.

பஞ்சலிங்கம் பிறந்த நாளிலிருந்து பத்துக்கு ஐந்துக்கு மேல் எடுத்தவன் இல்லை. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் நாளுக்கொரு விடை சொல்லுகிறவன். மூன்று நாளும் கணக்கைச் சரியாகச் செய்து செய்து, அவளே மகனை வண்டியில் ஏற்றியிருக்கிறாள்.

சட்டம்பியார் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கொப்பியை விரித்து எதையோ எழுதினார். வேலி ஓட்டைக்குள்ளால் கண்ணை வைத்துப் பார்த்தும் அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏதாவது பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். பத்தும் சரியாக வந்த கணக்குக்கு எந்தப் பொய்யும் பொருந்தவில்லை. காலில் விழலாம் என்றால் நடுவில் வேலி நின்றது.

“சட்டம்பியார்...” என்று மட்டும் சொன்னாள்.

அவர் கிட்ட வருவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ இன்னும் இரண்டு எட்டுப் பின்னுக்குப் போனார். சால்வைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார்:

“நாளைக்கு நாலைஞ்சு பிழை விட்டு எழுதுங்கோ, தங்கச்சி. என்ரை வீடு இருக்கிற ஒழுங்கையைக் கதிரவேலுச் சட்டம்பியார்தான் பாக்கிறவர். என்ரை மகள் குணலட்சுமியின்ரை சிலேட்டிலை, எட்டு நாளாய் நான்தான் மூண்டு மூண்டு பிழை விட்டு எழுதுறன்.”