பழைய சாவி

“தொலைச்சது எங்கக்கா? வீட்டுப் பக்கமா, வெளியிலயா?”

கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டே கேட்டார் பூட்டுக்காரர். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான். பதிலைப் பொறுத்துப் புத்திமதி நீளும் அல்லது குறையும்.

“தெரியல தம்பி. பஸ்ஸுல விழுந்திருக்கலாம்” என்றார் அந்தப் பெண்மணி. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். இடது கையால் போனை எடுத்து எடுத்து மணி பார்த்தார்.

“சாவிக் கொத்துல விலாசம் கிலாசம் எழுதித் தொங்க விட்டிருந்தீங்களா?”

“எழுதல. ஆனா எடுத்தவனுக்கு வீடு தெரியும்னே வெச்சுக்குங்க. இருட்டறதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

“டீ போட்டு இறக்கறதுக்குள்ள முடிச்சுடறேன். சாவி தொலைஞ்சா பாதிப் பேரு, கிடைச்சிடும் கிடைச்சிடும்னு தேடிக்கிட்டே நாளை ஓட்டுவாங்க. நீங்க உடனே கூப்பிட்டீங்க பாருங்க, அதுதான் புத்திசாலித்தனம்.”

“உடனே இல்ல தம்பி. நானும் ரொம்ப நாள் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன்.”

பூட்டுக்காரர் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார். டிவி ஸ்டாண்டில் டிவி இல்லை. அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் நீள்சதுரமாகத் தெரிந்தது. சுவரிலிருந்து ஒரு வயர் அநாதையாகத் தொங்கியது.

“அடப்பாவி! ஆளு ஏற்கெனவே வந்து கைவரிசையைக் காட்டிட்டானா?”

“கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போறான். நான் வேலைக்குப் போற நேரமாப் பாத்து வருவான். முந்தாநாள் நான் வீட்ல இருந்துட்டேன்.” கட்டுப் போட்ட கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

பூட்டுக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. “பொம்பளை கையை முறுக்கற பயலா? போலீசுக்குச் சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல.”

“நல்லா இருக்கு போங்க! இதுல பஸ்ஸுல விழுந்துச்சுன்னு வேற கதை விடறீங்க. பிடுங்கிட்டுத்தானே போனான்? எங்கிட்ட சொல்றதுக்கு என்னக்கா வெக்கம்?”

அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரம் கை தவறி விழுந்து உருளும் சத்தம் மட்டும் வந்தது.

டீயோடு அவர் திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. பூட்டுக்காரர் புதுச் சாவியைப் போட்டுத் திருப்பிக் காட்டினார். பூட்டு வெண்ணெயில் கத்தி இறங்கியது போல நழுவி நின்றது.

“வெளிப்பூட்டு அதேதான். உள்ள சாவி திரும்பற சிலிண்டரை மட்டும் மாத்தியிருக்கேன். பழைய சாவி உள்ள போகும், ஆனா திரும்பாது. அவன் தலைகீழா நின்னாலும் திரும்பாது.”

“பலமாத் திருப்பினா?”

“உடைஞ்சு வேணா போகும்.”

“உடைஞ்சா கையைக் கிழிச்சிடுமா தம்பி?”

பூட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எத்தனையோ வீட்டுக்குப் பூட்டு மாத்தியிருக்கேன். திருடன் கைக்கு மருந்து தடவற ஆளை இப்பத்தான் பாக்கறேன். கிழிச்சா கிழிக்கட்டும்க்கா!”

அவர் சிரிக்கவில்லை. புடவை நுனியால் புதுச் சிலிண்டரின் முகத்தைத் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

“இந்தாங்க, மூணு சாவி. ஒண்ணை நம்பிக்கையான ஆளுகிட்ட குடுத்து வையுங்க. ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆகும். வீட்ல வேற யாரும் இல்லியா?”

அவர் மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இனிமே நான் மட்டும்தான்” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறீங்களா தம்பி? அவன் வர்ற நேரம்தான். தனியா இருந்தா நான் திறந்துடுவேன். பயத்துல” என்றார்.

பூட்டுக்காரர் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்; பூட்டு தானாக விழுந்தது. “நீங்க ஏன் திறக்கறீங்க? நான் இருக்கேன்ல. வரட்டும், ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்.”

டீ ஆறுவதற்குள் படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வாசலில் நின்றது. பூட்டுக்குள் சாவி நுழைந்தது. இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை முட்டியது. வெளியே வந்து மறுபடி நுழைந்தது.

“பாத்தீங்களா, அசையல!” என்று கிசுகிசுத்தார் பூட்டுக்காரர். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் போன். போலீசுக்கு அழைக்க விரலை வைத்தபோது, கட்டுப் போட்ட கை வந்து போனை இறுகப் பொத்திக்கொண்டது. அந்தக் கட்டுக்கு உள்ளே எவ்வளவு வலித்திருக்குமோ, விடவில்லை.

வேண்டாம் என்று தலையை ஆட்டினார் அவர். மூன்று சாவிகளையும் நெஞ்சோடு அழுத்தியபடி கதவைப் பார்த்து ஓர் அடி வைத்தார். வைத்த அடியைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டார்.

சாவிச் சத்தம் நின்றது. கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். களைத்துப்போய் வீடு திரும்பியது போன்ற ஒரு குரல் வந்தது.

“அம்மா, என் சாவி திரும்ப மாட்டேங்குதும்மா.”