செங்கல்லில் இடமில்லை

மழைத் தண்ணீர் ஏற ஏற, ஒரு செங்கல் மட்டும் மூழ்காமல் இருந்தது. அதன் ஒரு முனையில் தேள், மறுமுனையில் பூரான்.

"கொடுக்கை இறக்குப்பா," என்றது பூரான்.

"இது தற்காப்புக்கு. உன் விஷப்பல் மட்டும் என்ன, கரும்பு கடிக்கவா?"

அப்போது தண்ணீரில் தத்தளித்தபடி ஒரு மண்புழு வந்தது. "அண்ணே, மூச்சு முட்டுது. ஓரமா ஒட்டிக்கிறேன்."

"முதல்ல ஆயுதத்தைக் காட்டு," என்றது தேள்.

"என்கிட்ட ஒண்ணுமே இல்லண்ணே." மண்புழு புரண்டு புரண்டு காட்டியது.

தேள் பூரானைப் பார்த்தது. "இந்தக் காலத்துல வெறுங்கையோட எவனாவது வெளிய வருவானா?"

"கையே இல்லாம வந்திருக்கான், பாரு. பெருசா எதையோ மறைச்சு வெச்சிருக்கான்."

முதல்முறையாக இரண்டும் ஒன்றுசேர்ந்து, மண்புழுவைத் தண்ணீருக்குள் தள்ளின. பிறகு ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நகர்ந்து தத்தம் முனைக்குப் போய்ச் சேர்ந்தன.