ஹூட்ஸின் பங்கு

கிட்ட வந்து உட்காருங்கள், பிள்ளைகளா. இது சாப்பாட்டுக் கதை. ஆனால் சாப்பிட ஒன்றுமில்லாத பனிக்காலத்துக் கதை.

கடல் மீன் தரவில்லை. கரையோ உறைந்து கிடந்தது, சிப்பி பொறுக்கவும் வழியில்லை. ஒரு வீட்டில், கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. ஹூட்ஸ் என்கிற சின்னப் பையன் பசியிலேயே செத்துப்போனான். அம்மாவுக்கு மிஞ்சியது தீஸ் என்கிற மகளும், கொஞ்சம் சால்மன் கருவாடும்தான்.

செத்தவர் பேரைச் சொல்லி நெருப்பில் போட்டால் சாப்பாடு அவரிடம் போய்ச் சேரும். மற்றவர்கள் ஒரு கிள்ளு போடுவார்கள். இந்த அம்மாவோ முழு முழுத் துண்டாகவே போட்டாள்.

"பசியோட போன புள்ள" என்றாள்.

அவளுடைய அண்ணன் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. செத்தவன் பங்கில் கை வைக்க அவருக்கும் துணிச்சல் இல்லை. பசியில் தீஸ் அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

கூரையில் புகை போகிற ஓட்டையில் அண்டங்காக்கை வந்து குந்தியது. அது திருடாத வீடில்லை, யார் குரலிலும் பேசி ஊரை ஏய்க்கும்.

"செத்த புள்ள பங்கும் வேணுமா உனக்கு?" என்று அண்ணன் விறகுக்கட்டையை வீசினார். இறக்கையில் பட்டது. அது நகரவில்லை. கருவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசித் துண்டு. அம்மா அதை நெருப்புக்கு நேரே நீட்டினாள்.

"ஹூட்ஸ், இந்தாடா தங்கம்."

புகைக்குள்ளிருந்து ஹூட்ஸின் குரல் வந்தது.

"வயிறு நெறஞ்சிடுச்சும்மா. இனிமே எனக்குப் போடாத. தீஸுக்குக் குடு."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகன் செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே கருவாட்டை மென்று மென்று மகள் வாயில் ஊட்டினாள். நாளைக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணன் தடியோடு கூரைமேல் ஏறினார்.

"என்னடா திருட்டுப் பயலே, ஏமாந்தியா?" என்று கத்தினார்.

அண்டங்காக்கை ஒட்டிய வயிற்றோடு பனியைக் கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தது. அவரைத் திரும்பிப் பார்த்து, ஹூட்ஸின் குரலிலேயே மெதுவாகச் சொன்னது:

"கத்தாதீங்க மாமா. அம்மா காதுல விழுந்துரும்."