மூஞ்சி அதுவாகச் சிரிக்கிறது

விமான நிலையத்தில் பொய் முகத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை வாசல் வந்த நாளிலிருந்து பயணிகள் மளமளவென்று உள்ளே போனார்கள். விமானப் பணிப்பெண் ஜெசிந்தாதான் தினமும் மாட்டிக்கொண்டாள். பத்தொன்பது வருட சர்வீஸ். ஆள் தென்பட்டால் போதும், வாய் தானாகக் காது வரை நீண்டுவிடும். மாமனார் சாவுக்கு வந்தவர்களையே வாசலில் நின்று கைகூப்பிச் சிரித்து வரவேற்று, குடும்ப மானத்தை வாங்கியவள் அவள்.

இன்று இரண்டு முறை, பொய்ச் சிரிப்பு என்று சிவப்பு விளக்கு எரிந்தாயிற்று. மூன்றாவதும் சிவப்பென்றால் வேலை போய்விடும்.

"மேடம், தயவுசெஞ்சு சிரிக்காம வாங்க," என்றார் காவலர் தணிகைவேல்.

"நான் எங்க சார் சிரிக்கிறேன்? மூஞ்சி அதுவா சிரிக்குது!"

பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குள் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து, அவளுடைய விமானம் ரத்து என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அப்பாடா, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்! நினைத்ததுமே அவள் முகம் மலர்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

தணிகைவேல் கையே தட்டிவிட்டார். "ஒரிஜினல் சிரிப்பு மேடம்! இனிமே டெய்லி இப்படியே வாங்க."

அதற்கு டெய்லி விமானம் ரத்தாக வேண்டுமே என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? வாசலில் நின்றபடியே, வழக்கம்போல் அவரைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்துவைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.