இடப்பக்கத்து ஸ்பிரிங்

ஒரு பழைய ஜீப்பின் பின்பக்கத்தை அக்கா தங்கையாய் இரண்டு ஸ்பிரிங்குகள் தாங்கிவந்தன. முதலாளி வண்டியை ஓரங்கட்டி, சிமெண்டு மூட்டைகளை எப்போதும் இடப்பக்கக் கதவு வழியாகவே ஏற்றுவார். ஏற்றிய இடத்திலேயே விட்டுவிடுவார். சுமந்து சுமந்து இடப்பக்கத்து அக்கா அமுங்கிப்போக, வண்டியும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

“என்னைப் பாருக்கா, எப்படி நிமிர்ந்து நிக்கிறேன்! உன்னாலதான் மானம் போகுது” என்றது தங்கை.

“சுமந்து பார்த்துட்டுப் பேசுடி. மெக்கானிக் வர்றாரு. பாரமெல்லாம் என் தலையிலதான்னு ஒரு வார்த்தை சொல்லு. பாதியை உன் பக்கம் வச்சா நான் பிழைச்சுக்குவேன்.”

“எனக்கெதுக்கு வம்பு?”

மெக்கானிக் அக்காவை மட்டும் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் வீசினார். அந்த இடத்தில் புது ஸ்பிரிங் ஏறியது. ஜாக்கியை இறக்கியதும் புதுசு விறைப்பாக உயர்ந்து நின்றது.

“அட, இப்ப வலது பக்கம்ல இறங்கியிருக்கு!” என்றார் முதலாளி.

“அதையும் கழட்டிடுவோம்” என்று மெக்கானிக் மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.

“அக்கா! நான் இறங்கவே இல்லைன்னு சொல்லேன்!” என்று அலறியது தங்கை.

அக்கா தொண்டை கிழியச் சொன்னது. இரும்புக் குவியலின் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.